முன்வரிசை நாற்காலியும் ஒரு கிராம்பும்

அன்புள்ள தோழிக்கு,

முதலில் ஒரு திருத்தம். உன் நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தபோது, நான் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை என்று அரியலூரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது உண்மை. பொறாமையினால் சிரிக்கவில்லை என்று சேர்த்துச் சொல்கிறார்கள். அது பொய். போன மாதம் பெரம்பலூரில் உனக்காக நடந்த நினைவுக் கூட்டத்தில் ஒருவர் இதை ஒலிபெருக்கியிலேயே சொன்னார். "அவங்களோட கூடப் படிச்ச சிநேகிதியே முன்வரிசையில உட்கார்ந்து ஒரு தடவைகூடப் பல்லைக் காட்டினதில்லைங்க. அப்படிப்பட்டவங்களையும் எதிர்ல வச்சுக்கிட்டுத்தான் அவங்க ஜெயிச்சாங்க" என்றார். கூட்டம் என் பக்கம் திரும்பிப் பார்த்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சட்டையில் ஒரு பொத்தான் இடம் மாறிப் போட்டிருந்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

எழுந்து மறுத்திருக்கலாம். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், "எங்க, ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க" என்று கேட்பார்கள். கேட்கக்கூடியவர்கள்தான் நம் ஊர்க்காரர்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இன்று காலை கடைவாய்ப் பல் வலித்தது. மீதம் இருப்பதே சில பற்கள். அதில் ஒன்றுக்கு இவ்வளவு பிடிவாதம். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துக் கடித்தேன். காரம் நாக்கில் இறங்கி வாசனை மூக்குக்கு ஏறியதும் நீ எதிரே வந்து நின்றுவிட்டாய். இடுப்பில் ஒரு கை, காதில் இல்லாத ஹெட்போன், "அரியலூர் எக்ஸ்சேஞ்ச், சொல்லுங்க" என்கிற அந்த மூக்குக் குரல். சரி, இனி எழுதாமல் இருப்பதில் அர்த்தமில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் பொறுமையாகக் கேள்.

திருச்சி கான்வென்ட் விடுதியில் நாம் ஒரே மேசை. நீ வரதராஜன்பேட்டையிலிருந்து வந்தவள், நான் பெரம்பலூரிலிருந்து வந்தவள். சாப்பாட்டுக் கூடத்தில் பேசக்கூடாது என்பது விதி. நீ பேசவில்லை. விடுதி சிஸ்டர் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து, யாருக்கு எத்தனை முருங்கைக்காய்த் துண்டு விழுந்திருக்கிறது என்று கண்ணாலேயே கணக்குப் பார்ப்பதை முகத்தை மட்டும் அசைத்துச் செய்து காட்டினாய். நான் சிரித்துவிட்டேன். பின்கட்டில் கிறிஸ்துமஸுக்காக வளர்த்துக்கொண்டிருந்த வான்கோழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எனக்குப் பதில் கொடுத்தன. கூடமே சிரிப்பில் வெடித்தது. சிஸ்டர் என்னை எழுப்பி நிறுத்தி, "பெண்பிள்ளைகள் புன்னகைத்தால் போதும்" என்றார். அன்றிலிருந்து நான் புன்னகையோடு நிறுத்திக்கொண்டேன். நீயோ என்னை மறுபடி அப்படிச் சிரிக்க வைப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டாய். நான் சிஸ்டருக்கும் மேலே என்று கேலி செய்து, என்னை "மதர்" எனக் கூப்பிட ஆரம்பித்ததும் அன்றுதான்.

எழுபதுகளில் நான் கல்யாணமாகி அரியலூர் வந்தேன். என் கணவர் சிமெண்ட் ஆலையில் அதிகாரி. ஜன்னலைத் திறந்தால் நான் துடைத்த மேசையில் மறுபடி வெள்ளைத் தூசி படிகிற குவார்ட்டர்ஸ். கொஞ்ச நாளில் நீயும் அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு டிரங்க் கால் ஆபரேட்டராக வந்து சேர்ந்தாய். அப்போது வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இணைப்புக் கொடுப்பது நீ. மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே வந்து சொல்வதும் நீ. நாள் முழுக்க ஊர் உன் காதுக்குள் பேசியது. ஆனால் கேட்டதில் ஒரு வார்த்தையைக்கூட நீ வெளியே சொன்னதில்லை. நான் துருவிக் கேட்டபோதெல்லாம், "காதுல விழுறது கவர்மெண்டுக்கு, வாயில வர்றதுதான் எனக்கு" என்பாய்.

வாயில் வந்ததைத்தான் மேடையேறி நகைச்சுவையாகச் சொன்னாய். எல்லாம் நீயே கற்பனை செய்த ஆட்கள். ஊர் எவ்வளவு தூரமோ அவ்வளவு சத்தமாகப் பேசுகிற ஒரு மிராசுதார்: ஜெயங்கொண்டத்துக்கு என்றால் கிசுகிசுப்பார், மெட்ராஸுக்கு என்றால் கத்துவார், டெல்லிக்கு என்றால் முதல் நாளே தொண்டைக்குச் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு வருவார். அந்த ஆள் அரியலூரில் இல்லவே இல்லை. இருந்தும், அது தன் மாமனார்தான் என்று தெருவுக்கு ஒரு மருமகள் சத்தியம் செய்தாள்.

மாதர் சங்கம், பள்ளி ஆண்டு விழா, வாலிகண்டபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு என்று எங்கே கூப்பிட்டாலும், போவதற்கு முன்னால் நீ என் சமையலறைக்கு வருவாய். நான் காய் நறுக்குவேன். என் வாயில் ஒரு கிராம்பு. சிரிப்பு வந்தால் கடித்துக்கொள்ள. நீ பேசிக்கொண்டே என் தாடையை மட்டும் பார்ப்பாய்.

"இங்க கடிச்சே. பார்த்துட்டேன். இது இருக்கட்டும்."

"கடிக்கவில்லை."

"மதர், பொய் சொன்னா நரகம். அந்த லாரிக்காரன் விஷயத்துக்குக் கடிக்கவே இல்ல. தூக்கிடறேன்."

இதுதான் நம் ஏற்பாடு. "ஊர்ல எல்லாரும் சிரிச்சிடுவாங்கடி, அதை நம்பி நான் என்ன பண்றது? நீதான் எனக்கு செவுரு. செவுத்துல அடிச்சாத்தான் பந்து திரும்பி வரும்" என்றாய். அதனால்தான் மேடையிலும் எனக்கு முன்வரிசையில் நடு நாற்காலி. அதனால்தான் சிரிக்காமல் உட்கார்ந்தேன். ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்தேன். அதைத்தான் ஊர் பொறாமை என்றது. நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. வேலை செய்கிறவள் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்?

எண்பதுகளின் நடுவில் திருச்சியில் உங்கள் துறை ஆண்டு விழாவில் நீ பேசியதைச் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்துத் தயாரிப்பாளர் ஒருவர் கேட்டுவிட்டு, அரைமணி நேரம் தனியாக வந்து பேச முடியுமா என்றார். பெண்கள் டி.வி.யில் பாடினார்கள், நாடகத்தில் அழுதார்கள். ஒருத்தி தனியாக நின்று அரைமணி நேரம் சிரிக்க வைப்பது என்பதை நம் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. உன் அண்ணன் வரதராஜன்பேட்டையிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்து என் வீட்டு வாசலில் நின்றார். நீ கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதையே இன்னும் ஜீரணிக்காத மனிதர்.

"நீங்களாவது சொல்லக் கூடாதுங்களா? ஒத்தப் பொம்பள நின்னு நாடு பூரா பல்லைக் காட்டிட்டு இருந்தா, நான் ஊருல தலை நிமிர்ந்து நடக்கறதா வேணாமா?"

நீ உள்ளேயிருந்து வந்தாய். "ஒரே ஒரு தடவைண்ணே. நல்லா வரலைன்னு வச்சுக்க, அப்புறம் மேடைப் பக்கமே போக மாட்டேன். மதர் சாட்சி."

"சத்தியமா?"

"சத்தியமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன்னிடம் இருந்தது ஒரே ஒரு வித்தை. அதை மொத்தமாகப் பந்தயத்தில் வைத்துவிட்டாய். அண்ணன் போன பிறகு, "என்னடி இது?" என்றேன். "நீ வருவேல்ல?" என்று மட்டும் கேட்டாய்.

வந்தேன். அரியலூரில் பகல் ரயிலைப் பிடித்துப் போய், உன் சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் நிலையத்துக்குப் போனோம். நான் உனக்கென்று எடுத்து வைத்திருந்த கோடு போட்ட புடவையை அங்கே வேண்டாம் என்றார்கள். கேமராவில் கோடு ஆடுமாம். என் தேர்வை ஒருவர் நிராகரித்தது அன்றுதான் முதல் முறை. உன்னை உள்ளே அழைத்துப் போனார்கள். என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். கைப்பையில் கிராம்பு டப்பா. பழக்கத்தில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

நாம் இருவருமே யோசிக்காத ஒன்று அங்கே இருந்தது, அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். பார்வையாளர்களே இல்லை. கண் கூசும் விளக்குகள், ஒரு நீல நிறத் திரை, மூன்று கேமராக்கள். கேமராக்காரர்கள் காதில் ஹெட்போன் மாட்டி, உள்ளேயிருந்து வரும் உத்தரவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ சொல்வது அவர்கள் காதில் விழவே இல்லை. மிராசுதாரைக் கூப்பிட்டாய். கஷாயம் குடிக்க வைத்தாய். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் வழக்கம்போல் நிறுத்தினாய். ஏ.சி. மெஷின் மட்டும் உறுமியது. அடுத்ததற்குத் தாவினாய், வேகம் கூடியது. அதற்கடுத்ததில் குரல் காய்ந்தது. பிறகு நின்றேவிட்டாய்.

"ஏம்மா? நல்லாத்தானே போகுது?" என்றது ஸ்பீக்கர்.

"சார், யாருமே இல்லாத வூட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே நிக்கற மாதிரி இருக்கு சார்."

மறுபடி தொடங்கினார்கள். மறுபடி நின்றாய். உன் கை நடுங்கியதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். வெளியே வராந்தாவில் அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் மிருதங்கத்தைத் தட்டிச் சுருதி பார்க்கும் சத்தம் கேட்டது. தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணனுக்குக் கொடுத்த சத்தியம் என் தொண்டையில் கிராம்போடு சேர்ந்து எரிந்தது.

அப்போது நீ சொன்னாய்: "சார், என் கூட வந்த அம்மாவை உள்ள விடுங்க. ஒரே ஒரு ஆள் போதும்."

கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. உட்கார்ந்தேன். நீ அருகில் வந்து குனிந்தாய்.

"கிராம்பைத் துப்பு, மதர்."

"முடியாது."

"துப்புடி. இன்னிக்கு செவுரு வேணாம். ஆளு வேணும்."

"பொய்யாகச் சிரிக்க மாட்டேன். அதை மட்டும் என்னிடம் கேட்காதே."

"பொய்யா சிரிச்சேன்னா நானே நிறுத்திட்டு ஊருக்குப் போயிடறேன்."

கிராம்பைக் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டேன். நீ போய் வெளிச்சத்தில் நின்று முதலிலிருந்து தொடங்கினாய். இந்த முறை கேமராவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். மிராசுதார் பிழைத்தார். லைன் கிடைக்கும்வரை ஆபரேட்டருக்கே தன் மகள் ஜாதகத்தை ஒப்பிக்கும் அம்மாள் பிழைத்தாள். எல்லாம் என் சமையலறையில் தேறியவை, எனக்கு மனப்பாடம். தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிகிற நேரம் வந்தது. நிலையத்துக்கு நீ எழுதிக் கொடுத்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அப்போது நீ இடுப்பிலிருந்து கையை எடுத்தாய். முதுகை நிமிர்த்தினாய். மூக்குக் கண்ணாடி இல்லாமலேயே அதை ஒரு விரலால் மேலே தள்ளினாய்.

"ஹலோ. நீங்கள் லாட்ஜில் வேலை செய்பவரா? போனை எடுத்ததும் 'என்னா' என்று கேட்கக் கூடாது. வணக்கம் சொல்ல வேண்டும். எங்கே, சொல்லுங்கள்."

"வணக்கம்மா."

"இப்படித் தூங்கி வழியக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள்."

"நான் நின்னுக்கிட்டுத்தாம்மா பேசறேன்."

"அப்படியானால் நேராக நில்லுங்கள்."

அது நான். மெட்ராஸுக்கு ஆபீஸ் வேலையாகப் போய் லாட்ஜில் தங்கியிருந்த என் கணவரிடம், எங்கள் மகனுக்கு எந்த அளவில் ஷூ வாங்குவது என்று சொல்ல நான் பதிவு செய்த டிரங்க் கால். வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் நடந்தது. அன்று லைனில் இருந்த ஆபரேட்டர் நீ என்பதையே நான் மறந்திருந்தேன்.

"மூணு நிமிஷம் முடியப் போகுதும்மா" என்றாய் உன் சொந்தக் குரலில்.

"பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள்" என்றாய் என் குரலில்.

பிறகு, மாடிப்படி இறங்கி மூச்சு வாங்க ஓடிவந்து போனைப் பிடிக்கும் என் கணவரின் அப்பாவியான "ஹலோ?"

"நேரம் முடிந்துவிட்டது. நான் சொல்ல வந்ததை நீங்களே யோசித்து, பதிலை எழுத்தில் போடுங்கள். வணக்கம்."

சிரித்துவிட்டேன். கைக்குட்டை வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் அது வெளியே வந்துவிட்டது. வான்கோழிகள் மட்டும்தான் அங்கே இல்லை. ஒரு கேமராக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஸ்பீக்கரில் தயாரிப்பாளரும் சிரித்துக்கொண்டே, "அதை வெட்டாதீங்கப்பா, அப்படியே இருக்கட்டும்" என்றார். நீ வெளிச்சத்தில் நின்று, பரீட்சையில் முதலாவதாக வந்தவள்போல் கையைக் கட்டிக்கொண்டாய்.

அந்தச் சிரிப்பு என்னுடையது என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்று அங்கேயே உன்னிடம் வாக்கு வாங்கினேன். காதில் விழுந்தது பற்றிய உன் விதியை ஞாபகப்படுத்தினேன். "அது உன் கால். உன் எதிர்லயே சொன்னேன். விதிப்படி தப்பில்ல" என்று வாதாடினாய். ஆனால் வாக்கைக் காப்பாற்றினாய்.

ஒளிபரப்பான அன்று எங்கள் கூடம் கொள்ளவில்லை. நீ வெட்கப்பட்டுக்கொண்டு சமையலறையிலேயே நின்றாய். உன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். படம் சரியாக வராததால் என் கணவர் மொட்டைமாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாவம், அவர் எதையும் பார்க்கவில்லை. நான் கிராம்போடு முன்வரிசையில். மிராசுதார் கத்தும்போதே கூடம் அதிர ஆரம்பித்தது. லாட்ஜ்காரர் வந்தபோது உன் அண்ணன் கட்டிய கையை அவிழ்த்துத் தொடையில் தட்டினார். அப்போது டி.வி.யிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. எனக்குப் பின்னால் தெருப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"யாருடி அது, இப்படிச் சிரிக்கிறது?"

"மெஷின்க்கா. டி.வி.ல சிரிக்கறதுக்குன்னே மெஷின் வச்சிருக்காங்களாம்."

"மெஷினா? ஏதோ ஆம்பளக் குரல் மாதிரில்ல இருக்கு?"

அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். என் கணவர் ஆன்டெனாவை விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்து கூடத்து வாசலில் நின்றார். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிட்டது. "சார், ஆன்டெனா! ஆன்டெனா!" என்று தெருவே கத்தியது. அவர் யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை அந்தச் சிரிப்பை அவர் கேட்டிருக்கிறார். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார், சமையலறை வாசலில் நின்ற உன்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மறுபடி மாடி ஏறிப் போய் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஷூ என்ன சைஸ்னு இப்பவாவது சொல்லு" என்றார். அவ்வளவுதான். கடைசிவரை அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் உன் அண்ணன் ஒரு மூட்டை முந்திரிப்பருப்போடு வந்து இறங்கி, அதை எப்படியாவது மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும் என்றார். "அங்க இருக்கற எல்லாருக்கும்ங்க. அந்தச் சிரிப்பு மெஷினை ஓட்டினாரே, அவருக்கு ரெண்டு கை சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்க." நீ என்னைப் பார்த்தாய். நான் மூட்டையின் வாயைக் கட்டியிருந்த விதம் சரியில்லை என்று சொல்லி, அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். ரெண்டு கை முந்திரியை எனக்குரியது என்று எடுத்துவைத்தேன். அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

அதன் பிறகு எத்தனை ஊர், எத்தனை மேடை. எல்லா முன்வரிசையிலும் நான் கிராம்போடு உட்கார்ந்தேன். என் கணவர் இறந்த பிறகும் வந்தேன். நீ வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாய். வெள்ளைத் தூசி படிந்த அந்த வீட்டில் முடங்காமல் இருந்தேனென்றால், உனக்குச் சுவர் தேவைப்பட்டதால்தான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தீரவில்லை. அன்று நிலையத்திலிருந்து கிளம்பும்போது, நாற்காலியை எடுத்துப் போக வந்த ஊழியர் என்னிடம், "உங்களுக்குன்னு அந்த அம்மா காலையிலயே கேட்டு வாங்கிப் போட்டாங்க" என்றார். காலையிலேயே. அதாவது நீ பேச்சின் பாதியில் நிற்பதற்கு முன்னால், உன் கை நடுங்குவதற்கு முன்னால். ரயிலில் கேட்டேன், நிஜமாகவே பயந்தாயா, நடித்தாயா என்று. தயாரிப்பாளர் குரலில், "நல்லாத்தானே போச்சு?" என்றாய். பிறகு எத்தனையோ முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ பதில் சொன்னார்கள்: மிராசுதார், சிஸ்டர், உன் அண்ணன். கடைசியாக, ஓய்வு பெற்றபின் குடியேறிய பெரம்பலூர் வீட்டில் நீ படுத்திருந்தபோதும் கேட்டேன். கண்ணைத் திறந்து, என் குரலில், "நேராக உட்கார்ந்து கேளுங்கள்" என்றாய்.

பயந்தாய் என்றால், நான் உன்னைக் காப்பாற்றினேன். நடித்தாய் என்றால், உனக்கு இருந்த ஒரே வாய்ப்பை, அண்ணனுக்குக் கொடுத்த சத்தியத்தோடு சேர்த்து, என் ஒரு சிரிப்புக்காகப் பந்தயம் வைத்தாய். இரண்டில் எதுவானாலும் எனக்குப் பெருமைதான். ஆனால் எது என்று தெரிய வேண்டும். உத்தேசமாக எதையும் வைத்துக்கொள்வது என் வழக்கமில்லை.

கிராம்பு சக்கையாகிவிட்டது. பல் வலியும் குறைந்திருக்கிறது. எழுதிக்கொண்டே லாட்ஜ்காரர் நேராக நின்ற இடத்துக்கு வந்தபோது ஒருமுறை சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன சத்தம் பாட்டி அது?" என்றாள். "நான்தான்" என்றேன்.

பயந்தாயா, நடித்தாயா? யார் குரலிலும் வேண்டாம். உன் கையெழுத்தில், பதிலை எழுத்தில் போடு.

இப்படிக்கு,
உன் மதர்